மடக்கு சைக்கிளும் பத்து கிலோ அரிசியும்

பெங்களூரு அல்சூர் மெட்ரோ நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் காவலர் அம்மா முதல் நாள் என்னை நிறுத்திக் கன்னடத்தில் கேட்டது இதுதான்: “ஒளகடெ ஏனிதெ (உள்ளே என்ன இருக்கிறது)? தையல் மெஷினா?”

கறுப்பு உறை போட்டு, என் முழங்காலுக்குச் சற்று மேல்வரை, ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பொருள் தையல் மெஷினைப் போலத்தான் இருந்தது. சைக்கிள் என்றேன். நம்பவில்லை. உறையின் ஜிப்பைக் கொஞ்சம் இறக்கிச் சக்கரத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தவர் பக்கத்து வரிசையில் இருந்த இன்னொரு காவலரையும் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமையாகப் பெருமூச்சு விட்டார்கள். அது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருக்கு நான் இன்றும் ‘டெய்லர் மேடம்’தான்.

மடக்கு சைக்கிள் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ரயிலில் பக்கத்தில் நிற்பவர்கள், அலுவலக லிஃப்டில் வருபவர்கள், கடைசியாக என் நாத்தனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதிவைக்கிறேன். முதல் தடவை தப்பான சைக்கிளை வாங்கி, நான்கே மாதத்தில் பாதி விலைக்கு விற்றவள் நான். அந்தத் தகுதியில்தான் பேசுகிறேன்.

என் நிலவரம் இது. வீடு அல்சூர் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில், முதல் மாடியில். அலுவலகம் புரூக்ஃபீல்டுப் பக்கம். மெட்ரோவின் ஊதா வழித்தடம் ஒயிட்ஃபீல்டு வரை நீள்வதற்கு முன்னால் பழைய மெட்ராஸ் ரோடு வழியாகப் பஸ்ஸில் போய் வந்தேன். அந்தக் கதையை எழுதினால் இன்னொரு கட்டுரை ஆகும். 2023 மார்ச்சில் கிருஷ்ணராஜபுரத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை ரயில் ஓடத் தொடங்கியது. நடுவில் பையப்பனஹள்ளிக்கும் கிருஷ்ணராஜபுரத்துக்கும் இடையே மட்டும் விட்டுப்போயிருந்த துண்டு அந்த ஆண்டு அக்டோபர் 9ஆம் தேதி திறந்தது. அன்று முதல் அல்சூரில் ஏறினால் அரை மணிக்குள் குந்தலஹள்ளி. அதிலே குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இரண்டு நுனிகளிலும் இருந்தது. வீட்டிலிருந்து நிலையம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பக்கம் நிலையத்திலிருந்து அலுவலகம் இரண்டரை கிலோமீட்டர். காலை ஒன்பது மணிக்கு அங்கே ஆட்டோக்காரரிடம் மீட்டர் என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தில் அப்படியொரு இரக்கம் தெரியும். இரண்டரை கிலோமீட்டர் என்பது நடக்கவும் அதிகம், ஆட்டோவுக்கும் அற்பம். சைக்கிளுக்கென்றே அளந்து வைத்த தூரம்.

ஆக, கடைக்குப் போனேன். எல்லாரும் செய்வதைச் செய்தேன்: சைக்கிளை விரித்து, கடை வாசலில் நான்கு சுற்றுச் சுற்றினேன். இருபது அங்குலச் சக்கரம், ஆறு கியர், நடுவில் ஒரே கீல். அழகாக ஓடியது. சின்ன வயதில் வாடகை சைக்கிள் எடுத்துத் தெருவைச் சுற்றிய சந்தோஷம் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பணத்தைக் கட்டினேன். தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. கடைக்காரரே தூக்கிக் காரில் வைத்துக் கொடுத்தார்.

அதன் எடை பதினைந்து கிலோ. எண்ணாகச் சொன்னால் ஒன்றும் தெரியாது. சமையல் கேஸ் சிலிண்டருக்குள் இருக்கும் கேஸின் எடையே 14.2 கிலோதான். அதைவிடக் கொஞ்சம் அதிகம். அதுவும் சிலிண்டரைப் போல உருண்டையாக, பிடிப்பதற்கு வளையத்தோடு இருக்காது. பெடல் முழங்காலில் இடிக்கும், பிரேக் கம்பி விரலில் சிக்கும், ஹேண்டில்பார் தன்னிஷ்டத்துக்குத் திரும்பும். லிஃப்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் லிஃப்டுக்கும் நடைமேடைக்கும் நடுவில், நடைமேடைக்கும் பெட்டிக்கும் நடுவில், பெட்டிக்குள் கதவிலிருந்து மூலைக்கு, அலுவலகக் காவலர் கூண்டிலிருந்து என் மேசைக்கு, வீட்டில் முதல் மாடிக்கு என்று எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்பதை அது வந்த பிறகுதான் எண்ணினேன்.

எடையைக்கூடப் பொறுத்திருப்பேன். மானத்தை வாங்கியது வேறு விஷயம். மடக்கிய நிலையில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்க அதில் ஒரு சின்னக் காந்தம் இருந்தது. வீட்டுக் கூடத்தில் நன்றாகவே பிடித்தது. ஒருநாள் காலையில் பெண்கள் பெட்டியில் நல்ல கூட்டம். இந்திரா நகர் தாண்டி ரயில் பிரேக் போட்டதும் காந்தம் விட்டுக்கொடுத்தது. சைக்கிள் ஒரு புத்தகம் திறப்பதைப் போல மெதுவாக, மிகுந்த மரியாதையோடு, இரண்டு பெண்களுக்கு நடுவில் திறந்துகொண்டது. செயின் வெளிப்பக்கம். இந்த வகை மடக்கில் பெரும்பாலும் பல்சக்கரமும் செயினும் வெளிப்பக்கமாகத்தான் நிற்கும். அதில் ஒருவருடைய வெள்ளைத் துப்பட்டாவில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புக் கிரீஸ் கோடு. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிருஷ்ணராஜபுரம் வரை அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று மாலை கணக்குப் போட்டேன். ஒருநாளில் நான் இதன்மேல் உட்கார்ந்து ஓட்டுவது மொத்தம் அரை மணி. மடக்குவது நான்கு தடவை, விரிப்பது நான்கு தடவை. கையில் பிடித்துக்கொண்டோ காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டோ நிற்பது ஒரு மணிக்கு மேல். ஓட்டுகிற அரை மணியை மனத்தில் வைத்து வாங்கியிருக்கிறேன், சுமக்கிற ஒரு மணியை மறந்துவிட்டேன். மடக்குக் குடையை வாங்கும்போதுகூட மடக்கிப் பைக்குள் போட்டுப் பார்க்கிற நான், சைக்கிளை விரித்தே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனவே யார் கேட்டாலும் முதலில் சொல்வது: ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள், தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கடைக்குப் போவதற்கு முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். பத்து கிலோ அரிசிப் பையில் இரண்டு கிலோ துவரம்பருப்பையும் போட்டு, ஒரே கையில் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறுங்கள். இன்னொரு கையில் உங்கள் அலுவலகப் பை இருக்க வேண்டும், அதற்குள் சாப்பாட்டு டப்பாவும் இருக்க வேண்டும். ஏறி முடித்ததும் பக்கத்து வீட்டுக்காரரோடு சாதாரணமாகப் பேச முடிந்தால் பன்னிரண்டு கிலோ உங்களுக்குச் சரி. மூச்சு வாங்கினால் பருப்பை எடுத்துவிட்டு மறுபடி ஏறுங்கள். நான் பருப்பை எடுத்தேன்.

இனி மடக்கின் விதம். சந்தையில் கிடைப்பவை பலவிதமாக இருந்தாலும் நம் வேலைக்கு இரண்டு வகை தெரிந்தால் போதும். ஒன்று, ஃபிரேமின் நடுவில் கீல் வைத்துப் பாதியாக மடக்குவது. அமெரிக்காவில் லேசர் துறையில் வேலை செய்த டேவிட் ஹான் என்பவர் எழுபதுகளின் எண்ணெய்த் தட்டுப்பாட்டைப் பார்த்து மடக்கு சைக்கிளில் இறங்கி, 1982இல் டாஹான் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க ஓடும் இருபது அங்குல மடக்கு சைக்கிள்களில் பல இந்த வழியில் வந்தவையே. அவர் மகன் பின்னால் பிரிந்துபோய் 2011இல் டெர்ன் என்று இன்னொன்றைத் தொடங்கினார். சைக்கிள் கடை வைத்தாலும் பாகப்பிரிவினை உண்டு போலும்.

மற்றொன்று, மூன்றாக மடக்குவது. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1970களின் நடுவில் தன் வீட்டிலேயே வடிவமைக்கத் தொடங்கி, ஜன்னல் வழியே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே அதற்கு வைத்தார். இதில் பின்சக்கரம் அப்படியே அடியில் சுருண்டு உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த நிலையில் சைக்கிள் தானாக நிற்கும். பிறகு முன்சக்கரம் பக்கவாட்டில் வந்து ஒட்டும். ஹேண்டில்பார் கீழே மடியும். கடைசியாக சீட் கம்பியை இறக்கினால் அதுவே தாழ்ப்பாளாக மாறி எல்லாவற்றையும் பூட்டிவிடும். காந்தத்தை நம்பி நிற்க வேண்டியதில்லை. செயின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் ஒளிந்துகொள்வதால் யாருடைய துப்பட்டாவுக்கும் ஆபத்தில்லை. பின் கேரியரில் சின்ன உருளைகள் இருந்தால் சூட்கேஸைப் போல உருட்டிக்கொண்டு போகலாம். தூக்கும் வேலையில் பாதி அங்கேயே குறைந்துவிடும். இந்த உருளைகளைக் கடையில் யாரும் காட்ட மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

மடக்கு சைக்கிள் நமக்குப் புதிதல்ல என்று சொல்ல ஒரு சின்ன வழி உண்டு. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதிக்கும் சிப்பாய்களுக்காக நடுவில் மடங்கும் சைக்கிளைச் செய்து கொடுத்தது பர்மிங்ஹாமின் பிஎஸ்ஏ. அதே பிஎஸ்ஏ பெயரில்தான், 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் அம்பத்தூர் தொழிற்சாலையிலிருந்து வந்த சைக்கிள்களில் நம்மில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போனோம். அப்பா வாங்கிக் கொடுத்த என் பிஎஸ்ஏ மடங்கவில்லை. ஒரு தடவை மாட்டு வண்டியில் மோதியபோது மட்டும் மடங்கியது.

பிராம்ப்டனின் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். நான் வாங்கியது அதே மூன்று மடக்கில் வேறு நிறுவனம் செய்தது. ஜெயநகரில் ஒருவர் ஊரைவிட்டுப் போவதால் விற்றார். பதினோரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. பழைய சைக்கிள் வாங்குவதில் ஒரு விஷயத்தைப் பார்த்தே ஆக வேண்டும், அது கீல். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கை கீலின்மேல் இருக்கட்டும். டக் டக் என்று ஏதாவது அசைந்தால் அதை விட்டுவிடுங்கள். டயர் தேய்ந்தால் மாற்றலாம், சீட் கிழிந்தால் மாற்றலாம். ஓடும்போது கீல் விட்டால் மாற்றிக்கொள்ள நமக்கு வேறு பற்கள் கிடையாது.

சின்னச் சக்கரம் என்றால் நிறைய மிதிக்க வேண்டுமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். என் நாத்தனாரும் கேட்டார். சக்கரம் சின்னதாக இருப்பதை ஈடுகட்டத்தான் முன்பல்சக்கரத்தைப் பெரிதாக வைக்கிறார்கள். முன்னே 52 பல், பின்னே 14 பல் உள்ள இருபது அங்குல சைக்கிளில் பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் ஐந்தரை மீட்டருக்கு மேல் போகும். நம் ஊரின் பெரிய கறுப்பு சைக்கிளும் ஏறத்தாழ அவ்வளவுதான் போகும். சின்னச் சக்கரத்தின் உண்மையான கஷ்டம் பள்ளம். பெரிய சக்கரம் தாண்டிப் போகிற குழிக்குள் இது இறங்கி ஏறும். பெங்களூரு ரோடுகளைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் வாரமே என் கண் ரோட்டைத் தவிர எதையும் பார்ப்பதில்லை என்றாகிவிட்டது. தெரிந்தவர்கள் கையசைத்தால்கூடப் பதிலுக்கு அசைப்பதில்லை என்று ஒரு புகார் இருக்கிறது.

கியர் விஷயத்தில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. பின்சக்கரத்தின் மையக் குடத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் மூன்று கியர் போதும். நாட்டிங்ஹாமில் 1902இல் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் காலத்திலிருந்து வரும் பழைய வித்தை அது. சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போதே கியரைக் குறைத்துவிடலாம், மிதித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வெளியே தொங்கும் கியரோ இந்தச் சின்னச் சக்கரத்தில் ரோட்டுக்கு மிக அருகில் வந்துவிடும். மெட்ரோ கூட்டத்தில் யாராவது ஒரு இடி கொடுத்தால் வளைந்துபோகும். என் முதல் சைக்கிளில் இரண்டு தடவை வளைந்தது. ஒயிட்ஃபீல்டுப் பக்கத்து ஏற்றங்களுக்கு மூன்று கியர் தாராளம். ஏற்றம் மீறிப் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவேன். வெட்கமாக இருந்தால் மடக்கி உருட்டிக்கொண்டு போவேன்.

மெட்ரோ விதி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நம்ம மெட்ரோவில் மடக்கிய சைக்கிளைக் கொண்டுபோகலாம். பயணி கையோடு எடுத்துப் போகும் பைக்கு விதியில் உள்ள அளவு 60 சென்டிமீட்டர், 45, 25. நாடா பிடித்து அளந்தால் பிராம்ப்டனே தேறாது, அதன் அகலம் மட்டுமே ஏறத்தாழ 27. நடைமுறையில் எவரும் நாடாவோடு நிற்பதில்லை. பார்வைக்குச் சின்னதாக, மூடியதாக, யாருடைய காலிலும் இடிக்காததாக இருந்தால் சரி. எனவே உறை கட்டாயம். அல்சூர் ஏரிக்கரையில் 1991இல் வைத்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் வரை பதினெட்டு ஆண்டுகள் மூடியே நின்றது. அவருக்கே அந்தக் கதி என்றால் என் சைக்கிளுக்கு அரை மணி நேரம் உறைக்குள் இருப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? அந்தப் பக்கமாகத்தான் தினமும் நிலையத்துக்குப் போகிறேன்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. தரை தாழ்ந்த ஏசி பஸ்ஸில், கூட்டம் இல்லாத நேரத்தில், சுலபம். படி உயர்ந்த சாதாரண பஸ்ஸில் காலையில் முயன்றால் கண்டக்டர், பயணிகள், நீங்கள் மூவரும் ஒரே நேரத்தில் வருத்தப்படுவீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் இது தேவையில்லை. உங்கள் நுனிகள் இரண்டிலும் சைக்கிளைப் பூட்டி வைக்க நல்ல இடம் இருந்தால், இரண்டு பழைய சாதா சைக்கிள்களை வாங்கி நிலையத்துக்கு ஒன்றாக விட்டுவிடுங்கள். மொத்தச் செலவு என் ஒரே சைக்கிளில் பாதிகூட ஆகாது, எதையும் தூக்கவும் வேண்டாம். என் நாத்தனாருக்கு இதைத்தான் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நான் வைத்திருப்பதைத்தான் அவரும் வாங்க நினைத்திருந்தார்.

கடைசியாக டயர். இதை யாருமே முன்கூட்டிச் சொல்வதில்லை, எனக்கும் சொல்லவில்லை. இருபது அங்குலம் என்றால் ரிம்மின் குறுக்களவு பெரும்பாலும் 406 மில்லிமீட்டர். பையன்கள் ஓட்டும் சைக்கிளின் அளவுதான், எந்தச் சந்தில் கேட்டாலும் கிடைக்கும். பதினாறு அங்குலத்தில் முக்கியமாக இரண்டு இருக்கின்றன. குழந்தைகள் சைக்கிளுடையது 305. என்னுடையது 349. இரண்டின் பெயரும் பதினாறுதான். போன மழைக்காலத்தில் உடைந்த பாட்டில் கண்ணாடி ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் வாணியம்பாடிக்காரர் ஒருவருடைய பஞ்சர் கடை. தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

“பதினாறுதானே அம்மா, பத்து நிமிஷம்” என்றார் பாய். உள்ளே போய்ச் சிவப்புக் கோடு போட்ட ஒரு குழந்தை டயரைக் கொண்டுவந்தார். ரிம்மில் வைத்து அழுத்தினார். ஏறவில்லை. லீவர் போட்டு நெம்பினார். ஏறவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என் டயரின் பக்கத்தில் இருந்த எழுத்தைத் துடைத்து, 37-349 என்று சத்தமாகப் படித்தார். பிறகு தன் டயரில் இருந்ததைப் படித்தார். இரண்டையும் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். இரண்டு விரல் அகல வித்தியாசம்.

“நாற்பது வருஷமாகத் தொழில் செய்கிறேன். பதினாறில் இன்னொரு பதினாறு இருப்பதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். ஒரு பழைய டயரிலிருந்து உள்ளங்கை அளவு துண்டை வெட்டி, ஓரங்களைச் சீவி மெல்லிசாக்கி, கிழிசலுக்கு உள்பக்கம் வைத்து, குழந்தை ட்யூபையே இழுத்துப் போட்டுக் காற்றடித்துக் கொடுத்தார். சுற்றி வரும்போது ஓரிடத்தில் மட்டும் லேசாகத் துள்ளியது. புது டயர் தபாலில் வரும்வரை மூன்று வாரம் அந்தத் துள்ளலோடு போனேன். முப்பது ரூபாய் வாங்கினார்.

போன வாரம் காற்றடிக்கப் போனபோது கடை ஆணியில், சிவப்புக் கோட்டுக் குழந்தை டயர்களுக்குப் பக்கத்தில், கோடில்லாத கறுப்பு டயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். 37-349.

“எனக்காகவா பாய்?” என்றேன்.

“உங்களுக்கு அதற்குள் எதற்கு? உங்கள் டயர் இன்னும் ஒரு வருஷம் ஓடும்” என்றார். “ஜோகுபாளையத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். அவரிடமும் இதே மாதிரி ஒரு தையல் மெஷின் இருக்கிறது.”